ஆழ்கடல் சுறாவும் நாமும்

(பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர்)

சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது பாடப் புத்தகத்தில் வரும் ஒரு சொல். எங்கள் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கரிசல் காடும், விசைத்தறிக் கூடங்களும், பூச்சந்தையும், மேற்கே நீலக் கோடாக நிற்கும் மலைத்தொடருமே. கிழக்கே கோவில்பட்டியைக் கடந்து தூத்துக்குடிக்குப் போனால்தான் அலையைக் காணலாம். ஆயினும் கடல் எங்களைத் தேடி வராமல் இல்லை. கருவாட்டுக் கூடையாகச் சந்தைக்கு வருகிறது. பிள்ளை பெற்ற அக்காமாருக்குப் பால் ஊறும் என்று ஆச்சி பக்குவமாய்ச் செய்து கொடுக்கும் சுறாப்புட்டாக வீட்டுக்கு வருகிறது. சில வேளைகளில் முகத்தில் பூசும் கிரீம் புட்டிக்குள்ளும் ஒளிந்து வருகிறது. இந்த மூன்றாவது வரவைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறோம்.

பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு என்ன பொருளை எடுப்பது என்று பேச்சு வந்தபோது, ஆளுக்கொன்று சொன்னோம். எங்களோடு விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். அவள் குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரையைச் சேர்ந்தவள். அவ்வூரார் சுறாவைத் தேடி ஆழ்கடல் வரை செல்வதில் பெயர் பெற்றவர்கள். இறுதியில் அவள், “எங்க அப்பா பிடிக்கிற மீனைப் பற்றி நம்ம புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லையே” என்றாள். அதற்குப் பிறகு வேறு பொருளை நாங்கள் தேடவில்லை. ஆழ்கடல் சுறாவே எங்கள் பொருளாயிற்று.

சுறா எலும்பில்லாத மீன். அன்புத் தோழியரே, உங்கள் காது மடலைச் சற்று மடக்கிப் பாருங்கள். மடங்கும், விட்டால் பழைய நிலைக்கு வரும். அதுதான் குருத்தெலும்பு. சுறாவின் உடற்கூடு முழுவதும் அதனால் ஆனதே. சுறாவும், திருக்கையும், பேய்ச்சுறா என்று சொல்லப்படும் கைமீராவும் இந்தக் குருத்தெலும்பு மீன் குலத்தைச் சேர்ந்தவை. உலகில் இக்குலத்தில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறையப் பாதி, 200 மீட்டருக்குக் கீழே ஆழ்கடலில் வாழ்கின்றன என்று அறிந்தபோது வியந்தோம். சுறா என்றால் கடலின் மேற்பரப்பில் துடுப்பைக் காட்டிக்கொண்டு திரியும் கொடிய மீன் என்றல்லவா எண்ணியிருந்தோம்! அந்தக் குலத்தில் பாதிப் பேர் வெயிலையே சரியாகக் காணாதவர்கள்.

அந்த ஆழம் எப்படிப்பட்டது? எங்கள் ஊர் இராஜகோபுரத்தைப் போல் பத்துக்கு மேற்பட்ட கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கடலுக்குள் நிறுத்தினாலும் அதன் உச்சி நீருக்கு வெளியே தெரியாது. பத்து மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 600 மீட்டர் ஆழத்தில் நம் விரல் நகம் அளவுள்ள இடத்தின்மேல் அறுபது கிலோ மூட்டையை வைத்தாற்போன்ற பாரம் அமுக்கும். 200 மீட்டருக்குக் கீழே செடி வளரப் போதிய ஒளி இல்லை. 1000 மீட்டரில் சூரியன் என்ற ஒன்று இருப்பதற்கே அடையாளம் இல்லை. அங்கே நீர் குளிர்ந்திருக்கிறது. இரை அரிதாய்க் கிடைக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஜீவன் எப்படி வாழ்கிறது?

இக்கேள்வியைக் கேட்டு நம் நாட்டுக் கடலுக்குள் வலை இறக்கியவர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்னும் அரசு அளவாய்வுக் கப்பலில் 1888 முதல் 1892 வரை மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் பணியாற்றியவர் ஆல்ஃபிரட் அல்காக். பின்னர் கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்குத் தலைமை ஏற்றார். திருவிதாங்கூர்க் கரைக்கு அப்பால் ஆழத்திலிருந்து கிடைத்த ஒரு கறுத்த மின்திருக்கையை அவர் 1898-இல் உலகுக்கு அறிவித்தார். அதற்குக் கண் பெயரளவுக்கே உண்டு. இருட்டிலேயே வாழ்பவனுக்குக் கண் எதற்கு என்று இயற்கை கேட்டது போலும்!

ஆனால் அதே இருட்டில் வேறு சில மீன்களுக்குக் கண் பெரிதாகியிருக்கிறது. விளக்குச் சுறா என்று நாங்கள் பெயரிட்டுக்கொண்ட சிறிய சுறாவின் வயிற்றுப் பக்கத்தில் நுண்ணிய ஒளி உறுப்புகள் இருக்கின்றன. மேலிருந்து கசியும் மங்கிய நீல ஒளிக்கு ஈடாக அதுவும் வயிற்றை ஒளிரச் செய்கிறது. அதனால் கீழிருந்து பார்க்கும் பகைவனுக்கு அதன் நிழல் தெரிவதில்லை. விளக்கை ஏற்றி ஒளிந்துகொள்ளும் விந்தையை வேறெங்கே காண்போம்?

எங்களுக்கு மிக அருகிலுள்ள கடல் மன்னார் வளைகுடா. அங்கேயும் ஓர் அதிசயம் இருக்கிறது. உலகிலேயே மிகச் சிறிய சுறாக்களுள் ஒன்றான எரிடாக்னிஸ் ராட்கிளிஃபை அதன் ஆழத்தில் வாழ்கிறது. முழு வளர்ச்சி அடைந்தாலும் 24 சென்டிமீட்டர்தான். அதாவது ஒரு சாண்! சிறு மீன்களையும், இறால் போன்றவற்றையும், கணவாயையும் தின்று வாழ்கிறது. 1970-களில் நம் நாட்டு மீன்வள ஆய்வாளர்கள் இதன் உணவையும் குட்டிகளின் வளர்ச்சியையும் ஆராய்ந்து எழுதினார்கள். இந்தச் சாண் சுறா ஒன்று அல்லது இரண்டு குட்டிகளையே ஈனுகிறது. ஆனால் பிறக்கும் குட்டியின் நீளமோ ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். தாயின் நீளத்தில் பாதி! இதைக் கரும்பலகையில் வரைந்து பார்த்தபோது வகுப்பே சிரித்தது. பிறகு ஒருத்தி, “பாவம், அந்தத் தாய்” என்றாள். சிரிப்பு அடங்கியது.

நெத்திலியும் சாளையும் ஆயிரக்கணக்கில் முட்டைகளை நீரில் விட்டுவிட்டுப் போய்விடும். அவற்றுள் சில பிழைத்தாலும் குலம் தழைக்கும். ஆழ்கடல் சுறாவின் வழி அதுவன்று. சில குட்டிகள், ஆனால் நன்றாக வளர்ந்த குட்டிகள். இதுவே அதன் வாழ்க்கை முறை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு, எங்கள் தோழியின் அப்பா பிடிக்கும் மீனுக்கு வருவோம்.

அந்த மீனை விஞ்ஞானிகள் சென்ட்ரோபோரஸ் என்று அழைக்கிறார்கள். அதில் பல இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஒரு மீட்டர் அளவில் இருக்கும். சில அதைவிடப் பெரியவை. பழுப்புச் சாம்பல் நிறம். முதுகில் இரண்டு துடுப்புகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கூரிய முள். கண்களோ மரகதம் போல் பச்சை. அக்கண்ணின் உட்புறத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. விழிக்குள் நுழைந்த ஒளியை அது இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பிப் பார்வைக்கு உதவுகிறது. இரவில் பூனையின் கண் மின்னுவதும் இத்தகைய படலத்தால்தான். பார்வை போதாத இடத்தில் மூக்கின்மேல் உள்ள நுண்துளைகள் துணை செய்கின்றன. இரை அசையும்போது அதன் உடலில் எழும் மெல்லிய மின்சாரத்தை அவை உணர்ந்துவிடும். இத்தாலிய மருத்துவர் லொரென்சினி 1678-இல் இவற்றை விவரித்ததால் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

இந்தச் சுறாவின் உண்மையான அதிசயம் அதன் கல்லீரலில் இருக்கிறது. மற்ற மீன்களுக்கு உடலுக்குள் ஒரு காற்றுப் பை இருக்கும், அதனால் மிதக்கும். சுறாவுக்கு அந்தப் பை கிடையாது. அதற்குப் பதிலாக, உடல் எடையில் கால் பங்குவரை வரக்கூடிய பெரிய கல்லீரலில் எண்ணெயைச் சேர்த்து வைத்திருக்கிறது. எண்ணெய் நீரைவிட இலேசானது அல்லவா? ஆகவே சுறா அதிகம் துடுப்பு அடிக்காமலே ஆழத்தில் நிலையாய் நிற்கிறது. இரை அரிதான இடத்தில் உடல் வலுவைச் சிக்கனம் செய்ய இதைவிட நல்ல வழி எது? 3000 மீட்டருக்குக் கீழே சுறாக்களை அரிதாகவே காண முடிகிறது. இவ்வளவு எண்ணெயைச் சேர்க்கப் போதுமான உணவு அங்கே இல்லாததே அதற்குக் காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.

அதன் உயிரைக் காக்கும் அந்த எண்ணெயே அதன் உயிருக்கு எமனாகவும் வந்தது. 1906-இல் மிட்சுமாரு சுஜிமோட்டோ என்ற ஜப்பானிய வேதியியலார் சுறாக் கல்லீரல் எண்ணெயில் ஒரு புதிய பொருளைக் கண்டார். அதற்கு ஸ்குவாலீன் என்று பெயர் வைத்தார். அதிலிருந்து செய்யப்படும் ஸ்குவாலேன் தோலில் பூசினால் பிசுக்கின்றி மென்மையாக இறங்கும். ஆகவே முகப்பூச்சுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் அது தேவைப்பட்டது. சில தடுப்பூசிகளின் வீரியத்தைக் கூட்டவும் ஸ்குவாலீன் பயன்படுகிறது. ஒரு டன் ஸ்குவாலீன் எடுக்க 2,500 முதல் 3,000 வரை ஆழ்கடல் சுறாக்கள் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனித் தாய்ச் சுறாவைப் பாருங்கள். முதுகுத் துடுப்பின் முள்ளைக் குறுக்கே அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால், மரத்தின் வயது வளையங்கள் போல் வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணித்தான் வயதைக் கணிக்கிறார்கள். அப்படிக் கணித்ததில், இக்குடும்பத்தின் பெரிய இனம் ஒன்றில் பெண் சுறா தாயாவதற்கே சுமார் 16 ஆண்டுகள் ஆகின்றன என்று தெரிய வந்தது. பதினாறு ஆண்டுகள்! அது எங்கள் வயது. நாங்கள் தொட்டிலில் கிடந்த நாளில் பிறந்த ஒரு சுறா, நாங்கள் பதினோராம் வகுப்புக்கு வந்த இப்போதுதான் முதற்குட்டியைச் சுமக்கத் தகுதி பெறுகிறது. சுமக்கும் காலமோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஈனுவதோ பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு.

எங்கள் தோழி சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது. “வயிற்றை அறுத்தால் சில நேரம் குட்டி இருக்கும். கோழி முட்டையின் மஞ்சள் கருவைவிடப் பெரிய ஒரு மஞ்சள் உருண்டை அதன் வயிற்றோடு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் அப்பா கொஞ்ச நேரம் கத்தியைக் கீழே வைத்துவிடுவாராம்.” தாயின் வயிற்றில் இருக்கும் குட்டிக்கு அந்த மஞ்சள் உருண்டையே கட்டுச் சோறு. பிறக்கும்வரை அதிலிருந்துதான் அது உண்டு வளர்கிறது.

இப்படி மெல்ல வாழும் மீனை விரைந்து பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மாலத்தீவே சான்று. அங்கே 1980-இல் ஆழ்கடல் சுறாவின் எண்ணெய்க்காக மீன்பிடிப்பு தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே உச்சியைத் தொட்டது. பத்தாண்டு முடியும் முன்னரே சரிந்துவிட்டது. 2010-இல் அந்நாடு சுறா பிடிப்பதையே முற்றிலும் தடை செய்தது. நம் தென்மேற்குக் கரையிலும் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூத்தூர் மீனவரின் படகுகள் ஆயிரங்கால் தூண்டிலை ஆழத்தில் இறக்கி இச்சுறாக்களைப் பிடித்துக் கொச்சித் துறைமுகத்தில் கொண்டு வந்து இறக்கலாயின. இன்று இக்குடும்பத்தின் பல இனங்கள் அழிவின் அபாயத்தில் உள்ளவை என்று உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்து நகரில் கூடிய சைட்டஸ் மாநாட்டில், இவற்றின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் இசைந்தன.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது எங்களுக்குள் பெரிய விவாதம் மூண்டது. “பிடிக்கவே கூடாது என்று கண்காட்சியில் கொட்டை எழுத்தில் எழுதி வைப்போம்” என்றனர் பாதிப் பேர். “அப்படியானால் இவள் அப்பா எதைக் கொண்டு இவளுக்கு விடுதிக் கட்டணம் கட்டுவார்?” என்றனர் மற்றவர். எல்லோர் பார்வையும் தோழியின் பக்கம் திரும்பியது. அவள் உடனே பதில் சொல்லவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது அவள் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. அவளுடைய சித்தப்பாவும் அவர்களுள் ஒருவர். அது எங்களுக்குத் தெரியும்.

பிறகு அவள் சொன்னாள்: “மீன் குறையக் குறைய படகு இன்னும் தூரம் போகும். தூரம் போகப் போக அம்மாவுக்கு உறக்கம் கிடையாது. மீன் இருந்தால்தான் எங்க ஆட்கள் பக்கத்தில் இருப்பார்கள். அதனால் மீன் இருக்கணும். ஆனால் எங்களைக் குற்றவாளி மாதிரி எழுதாதீர்கள். நாங்கள் அந்த எண்ணெயை முகத்தில் பூசுவதில்லை.”

அவளுடைய இறுதி வாக்கியம் எங்கள் எல்லோரையும் நிமிர வைத்தது. ஆம்! கடலில் தூண்டில் போடுபவர் அவர்கள்; ஆனால் தூண்டிலின் மறுநுனி கடைத்தெருவில் அல்லவா இருக்கிறது? வாங்குவோர் இல்லாத எண்ணெய்க்காக எவரும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து அலைகடலில் கிடக்கமாட்டார்.

அன்று மாலை எங்கள் விலங்கியல் ஆசிரியை ஒரு புதிய செய்தியைச் சொன்னார். ஸ்குவாலீன் சுறாவிடம் மட்டும் உள்ள பொருளன்று. ஒலிவ எண்ணெயில் இருக்கிறது. தண்டுக்கீரைக் குடும்பத்து விதையின் எண்ணெயில் இருக்கிறது. கரும்புச் சர்க்கரையை நுண்ணுயிரால் புளிக்க வைத்தும் அதே ஸ்குவாலேனைச் செய்கிறார்கள். இன்று அது பேரளவில் விற்பனையாகிறது. 2008-இலேயே ஐரோப்பாவின் பெரிய ஒப்பனைப் பொருள் நிறுவனங்கள் சில, சுறா எண்ணெயைக் கைவிடுவதாக அறிவித்தன. கரும்புக்கும் கீரைக்கும் எங்கள் வட்டாரத்தில் பஞ்சமா? 600 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு தாயை இழுத்து வந்து எடுக்கும் பொருளை, புளியங்குடிப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் விளையும் பயிரும் கொடுக்க வல்லது!

அதனினும் வேடிக்கை ஒன்று உண்டு. நம் தோலில் இயல்பாய்ச் சுரக்கும் எண்ணெய்ப் பசையில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைய இருப்பது இதே ஸ்குவாலீன்தான். முகத்தில் எண்ணெய் வழிகிறதே என்று நாம் நாள்தோறும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். கழுவிய பின் அதையே கடையில் விலை கொடுத்து வாங்கிப் பூசுகிறோம். இதைக் கேட்டதும் விடுதியில் கண்ணாடி முன் அதிக நேரம் நிற்கும் சிலர் மெதுவாக நழுவிவிட்டனர். அவர்கள் யார் யார் என்பதைத் தோழமை கருதி இங்கே எழுதவில்லை.

கண்காட்சியில் நாங்கள் வைத்த படங்களுள் இரண்டு பலரையும் நிறுத்தின. ஒன்றில் ஒரு சாண் சுறாவும் அதன் அரைச் சாண் குட்டியும். மற்றொன்றில் எங்கள் வயதுக் கணக்கு: இடப்பக்கம் பதினாறு வயது மாணவி, வலப்பக்கம் பதினாறு வயதுத் தாய்ச் சுறா. கீழே ஒரு கேள்வி: “உங்கள் கிரீமில் உள்ள ஸ்குவாலேன் கடலிலிருந்து வந்ததா, காட்டிலிருந்து வந்ததா?” பார்க்க வந்த அம்மாமார் சிலர் கைப்பையில் இருந்த டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். பொருளின் பெயர் இருந்தது. அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது இல்லை. “அப்படியானால் கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டியதுதானே?” என்றார் ஒரு பாட்டி. அது நல்ல யோசனை என்று எங்களுக்குப் பட்டது. கடிதங்களை எழுதத் தொடங்கிவிட்டோம்.

விரைவே பெருமை என்று நினைக்கும் காலம் இது. ஆனால் உலகில் சில உயிர்கள் மெல்லத்தான் வளரும்; மெல்லத்தான் பெருகும். அவற்றை அவசரப்படுத்த எந்த விஞ்ஞானத்தாலும் முடியாது. பொறுத்திருக்க மட்டுமே நம்மால் முடியும். வெயில் படாத ஆழத்தில் பச்சைக் கண்ணோடு நிற்கும் அந்தத் தாய்க்கு இரண்டாண்டு அமைதியும், அவளைத் தேடிப் போகும் தூத்தூர்த் தந்தையர்க்குக் கரையருகே நிறைந்த வலையும் வாய்க்க வேண்டும். தோழியரே, அடுத்த முறை ஒரு கிரீமை வாங்கும்போது அதன் பின்பக்கத்தையும் படியுங்கள். விடை அங்கே இல்லையென்றால் நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள்.